மயிலையின் முதுகும் செங்கோட்டையண்ணனின் கேமராவும்

செங்கோட்டையண்ணன் எங்கள் மாட்டுக்கு முன்னால் குப்புறக் கிடந்ததைப் பார்த்ததும், மாடு உதைத்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீர்ச் செம்போடு ஓடினேன். அவர் தலையைத் தூக்காமலே, "நெழல் விழுகுதுங் அம்மணி, சித்தே தள்ளி நில்லுங்க" என்றார். அப்போதுதான் அவர் கண்ணில் கறுப்பாக ஏதோ ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். புதுக் கேமரா.

அவர் மாட்டுத் தரகர். கிணத்துக்கடவுக்கு மேற்கே எங்கள் ஊரில் முப்பது வருடமாக அவர் கை படாமல் ஒரு மாடு கைமாறியதில்லை. ஐம்பத்தாறு வயது. மீசைக்கு மட்டும் முப்பத்தாறு. தோளில் எப்போதும் ஒரு பச்சைத் துண்டு. விற்கிறவரும் வாங்குகிறவரும் துண்டுக்குள் கையை விட்டு, விரலைப் பிடித்தே விலை பேசி முடிப்பார்கள். சுற்றி நூறு பேர் நின்றாலும் ஒருவருக்கும் விலை தெரியாது. அதற்குத்தான் துண்டு. அவர் அதில் முகம் துடைத்து நான் பார்த்ததில்லை.

இப்போதெல்லாம் சந்தைக்கு வரும் கூட்டம் குறைந்துவிட்டது. வாங்குகிறவர்கள் வாட்ஸ்அப்பில் படம் பார்த்துவிட்டுத்தான் வண்டி எடுக்கிறார்கள். அண்ணன் போனில் எடுத்த படங்களைப் பார்த்த திருப்பூர்க்காரர் ஒருவர், "இதுல மாடு எதுங்க, மாட்டுத்தாழி எதுங்க?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்வி அண்ணனுக்கு எங்கேயோ குத்திவிட்டது. பீளமேட்டில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கும் மகள் மௌனிகாவைக் கூட்டிக்கொண்டு போய் இந்தக் கேமராவை வாங்கி வந்தார். வந்த அன்றே பழகிப் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்கள் மயிலை சாதுவான காங்கேயம் பசு. முன்னால் ஆள் படுத்திருந்தாலும் அசைபோடுவதை நிறுத்தாது.

முதல் நாள் உச்சி வெயிலில் எடுத்தார். மாட்டுக்குப் பின்னால் தென்னந்தோப்பு இருட்டாக இருந்தது. கேமரா அந்த இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ள, மயிலை வெள்ளையடித்த சுவர் மாதிரி வந்தது. கொம்பு இருந்தது, கண் இருந்தது, நடுவில் மாட்டைக் காணோம். இரண்டாம் நாள் வெயிலுக்கு முதுகைக் காட்டி நின்றார். மாட்டின் வயிற்றில் அவருடைய நிழல், தோள் துண்டோடு அழகாக விழுந்திருந்தது. மூன்றாம் நாள் எல்லாம் சரியாக அமைந்தது. அதை உடனே இருநூறு பேர் இருக்கும் மாட்டு வியாபாரக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். மாட்டுக்குப் பின்னால் கொடியில் என் பச்சைப் பாவாடை காய்ந்துகொண்டிருந்ததை அவரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. இருநூறு பேரும் பார்த்தார்கள். அன்று முதல் நான் துணியைக் கொல்லையில் காயப்போடுகிறேன்.

கேமராவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. ஏழாவதோடு நின்றவள். ஆனால் துணி காயப்போடுகிறவளுக்கு வெயில் எந்த நேரத்தில் எங்கே வரும் என்று தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தொழுவத்துக்கு நேராக மஞ்சள் வெயில் வரும், அப்போது எடுத்தால் மாடு மாடாகவே வரும் என்று அவரிடம் சொல்ல நினைத்தேன். நாலு நாள் நினைத்தேன். ஐந்தாம் நாள் சொன்னேன்.

"அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்னுங்?" என்றார்.

அன்று சாயங்காலம் எடுத்தார். வெளிச்சத்தை இரண்டு புள்ளி குறைத்து வைத்துக்கொண்டார். மாட்டின் பக்கவாட்டில், நெஞ்சு உயரத்துக்கு மண்டியிட்டார். தொழுவத்துச் சாணிக்கூடையை நானே எடுத்து ஒளித்து வைத்தேன். மயிலை காதை முன்னால் விட்டு அவரைப் பார்த்த நொடியில் அழுத்தினார். கேமராவின் பின்பக்கத்தில் படத்தைக் காட்டினார். ஒவ்வொரு மயிரும் தனித்தனியாகத் தெரிந்தது. கண்ணுக்குள் எங்கள் வீட்டு ஓடு தெரிந்தது.

"என்ன மாப்ளே, எப்படி?" என்று அண்ணன் கேமராவை என் வீட்டுக்காரரிடம் நீட்டினார்.

அவர் வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார்.

"திமிலுக்குப் பொறத்தால இது என்னுங்கண்ணா?"

"எது?"

"இங்க. சுத்திச் சுத்தி நிக்குதே."

அண்ணன் எட்டிப் பார்த்தார். முகம் மாறியது. "தூசிங் மாப்ளே. லென்சுல தூசி."

என் வீட்டுக்காரர் நேராக மாட்டிடம் போய் முதுகில் கையை வைத்துத் தேய்த்தார். தூசி போகவில்லை. மயிர் சுழித்து நின்றது. பெண்டிழந்தான் சுழி. அந்தச் சுழி இருக்கிற மாட்டை வைத்திருக்கிறவன் பெண்டாட்டியைப் பறிகொடுப்பான் என்று எங்கள் பக்கம் நம்பிக்கை.

நான் தினமும் அதைக் குளிப்பாட்டுகிறேன். சுழி இருப்பது எனக்குத் தெரியும். அதற்கு இப்படி ஒரு பெயர் இருப்பதுதான் தெரியாது. என் வீட்டுக்காரரோ மாடு வாங்கி ஆறு மாதத்தில் அதன் பக்கத்தில் போனது அன்றைக்குத்தான்.

"இந்த மாட்ட நீங்கதானுங்கண்ணா புடிச்சுக் குடுத்தீங்க."

"ஆமாங்."

"வெல பேசி முடிச்ச அன்னைக்கு உங்க துண்டு எங்க கெடந்துது?"

அண்ணன் தோள் துண்டை இழுத்துச் சரிசெய்தார். எனக்கு ஞாபகம் இருந்தது. அன்று வாசற்கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். துண்டு மயிலையின் முதுகில், திமிலுக்குப் பின்னால் கிடந்தது. தரகர் துண்டுக்கு அதுவும் ஒரு வேலை என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது. முப்பது வருடமாக எந்த மாட்டில் எது ஆகாதோ அதன் மேல் அது போய் விழுந்திருக்கிறது.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள நீங்களே வித்துக் குடுத்துப்போடுங்க. இல்லீன்னா திங்கக்கெழமை கேரளா லாரிக்கு ஏத்தி உட்ருவேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

கேரளா லாரியில் ஏறுகிற மாடு எங்கே போகும் என்று எல்லாருக்கும் தெரியும். மயிலைக்கு இரண்டாவது ஈத்துதான் ஆகியிருக்கிறது. நல்ல கறவை. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் அப்போதே என் போட்டோவுக்குச் சட்டம் போட்டு, மாலை போட்டு, சுவரில் மாட்டியிருந்தது.

அந்த வாரம் எனக்கு ராஜமரியாதை. நான் ஒரு தும்மல் தும்மினால் அவர் மாத்திரை வாங்க சைக்கிள் எடுத்தார். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் முதல் தடவையாக எனக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தார். பக்கத்துப் பெண்கள் வந்து முதலில் மாட்டைப் பார்த்தார்கள், அப்புறம் என்னைப் பார்த்தார்கள், போகும்போது மறுபடியும் மாட்டைப் பார்த்தார்கள். மாடு கொழுகொழுவென்று இருந்தது. மாட்டின் பேரில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. இத்தனை கவனிப்பு கிடைக்குமென்றால் இரண்டு சுழிகூட இருந்துவிட்டுப் போகட்டும்.

அண்ணனே மாட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் அவருக்கும் பெண்டாட்டி இருக்கிறார். மாசாணியம்மாள் அக்கா எங்கள் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டார்: "அந்த மாடு எங்கூட்டுப் படி ஏறுச்சுன்னா நான் எறங்கிப்போடுவேன். எது வேணுமுன்னு நீங்களே பாத்துக்குங்க." அண்ணன் ஒரு நிமிடம் யோசித்ததாக எனக்குத் தோன்றியது. அக்காவுக்கும் தோன்றியிருக்க வேண்டும். துண்டைப் பிடுங்கி ஓர் அடி போட்டார்.

விற்பதற்கு ஒரு வழி இருந்தது. பழைய போனில், உச்சி வெயிலில், மங்கலாக ஒரு படம். அண்ணன் எடுத்தும் பார்த்தார். எடுத்ததைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இதப் போயி எப்படிங் அம்மணி அனுப்பறது? தண்ணியில ஊறப்போட்டதாட்ட இருக்குது."

"சுழி தெரியலீங்களே" என்றேன்.

"மாடே தெரியலீங்க."

கேமரா வந்து இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. ஆள் கெட்டுப்போய்விட்டார். முப்பது வருடம் மறைத்துப் பிழைத்தவரால் ஒரு நல்ல படத்தை மறைக்க முடியவில்லை. தினமும் சாயங்காலம் வந்து மயிலையைப் பல்லிலிருந்து வால் மயிர்வரைக்கும் எடுத்துத் தள்ளினார். கடைசியில் அந்த ஐந்து மணிப் படத்தையே, சுழியின் பெயரையும் கீழே எழுதி, குழுவில் போட்டார்.

போன் வந்துகொண்டே இருந்தது. பாதிப் பேர் திட்டினார்கள். மீதிப் பேர் படத்தைப் புகழ்ந்துவிட்டு மாடு வேண்டாம் என்றார்கள். வெள்ளிக்கிழமை பல்லடத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திப் பேசினார். சரியாகக் கேட்காததால் அண்ணன் ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, அந்தச் சுழி நெசமாலுமே வேல செய்யுமுங்களா?"

"அப்படித்தானுங்க சொல்றாங்க."

"எத்தன நாள்லீங்க?"

மாசாணியம்மாள் அக்கா போனைப் பிடுங்கினார். "உங்கூட்டு அம்மணி நம்பரக் குடுங்க தம்பி. அவங்களக் கேட்டுப்போட்டுச் சொல்றேன்." அந்தப் பக்கம் உடனே கட் ஆனது.

சனிக்கிழமை சாயங்காலம் கோபிச்செட்டிபாளையத்திலிருந்து ராசாத்தாள் என்று ஒரு பெண் பேசினார். வாழைத்தோட்டம் வைத்திருக்கிறாராம், வீட்டுக்காரர் காலமாகி ஆறு வருடமாம். நாட்டு மாடு ஒன்று வேண்டுமாம்.

"சுழியப் பாத்தீங்களாங்க?" என்று அண்ணன் கேட்டார். இப்படி ஒரு கேள்வியை அவர் தொழிலில் கேட்டது அதுவே முதல் தடவை.

"பாத்தேனுங்க. எனக்குத்தான் பொண்டாட்டியே இல்லீங்களே. எதத் தொலைக்கப் போறேன்?"

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குக் குட்டியானை வண்டியில் வந்து இறங்கினார். மாட்டைச் சுற்றி வந்தார், மடியைப் பார்த்தார், தீவனம் என்ன என்று என்னைக் கேட்டார். எல்லாம் பிடித்திருந்தது. விலை பேச வேண்டிய நேரம் வந்தது. அண்ணன் பழக்கத்தில் துண்டைத் தோளிலிருந்து உருவினார். அப்புறம்தான் எதிரில் நிற்பது பெண் என்பது உறைத்தது. துண்டுக்குள் ஒரு பெண்ணின் விரலைப் பிடித்து விலை பேசுகிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. உருவிய துண்டோடு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். கை தானாக நீண்டது. துண்டு மயிலையின் முதுகில், திமிலுக்குப் பின்னால், சரியாக அந்த இடத்தில் போய் விழுந்தது.

ராசாத்தாள் துண்டைப் பார்த்தார். "சுழியத்தான் ஊருக்கே படம் போட்டுக் காட்டிட்டீங்களே. இப்ப என்னத்த மூடறீங்க?"

"பழக்கமுங்க."

"எத்தன வருசப் பழக்கம்?"

"முப்பதுங்க."

"அப்ப படத்துல வராதது வேற என்னமோ இருக்கோணும்" என்று சொல்லி, துண்டைத் தூக்கிப் பார்த்தார். வயிற்றுக்கு அடியில் குனிந்து பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது. "வேண்டாமுங்க, வர்றேன்" என்று வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டார். டிரைவர் சாவியைத் திருப்பினார். என் வீட்டுக்காரர் லாரிக்காரனுக்குப் போன் போட்டுக்கொண்டே உள்ளே போனார்.

கேமராப் பை தொழுவத்து ஆணியில் தொங்கியது. அதை எடுத்துக்கொண்டு போய், வண்டி ஜன்னல் வழியாக அவரிடம் நீட்டினேன். "இதுல எல்லாம் இருக்குதுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அம்மணி, அதுல மத்த மாடெல்லாமும் இருக்குதுங்" என்று அண்ணன் பதறிக்கொண்டு ஓடி வந்தார். இரண்டு வாரத்தில் சுற்றுப்பட்ட ஊர் மாடுகள் எல்லாவற்றையும் அவர் எடுத்து வைத்திருந்தார், தழும்பும் சுழியும் தெரியத் தெரிய. அவருடைய முப்பது வருடத் தொழில் மொத்தமும் ஓர் அன்னியப் பெண்ணின் மடியில் கிடந்தது. பிடுங்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை. ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராசாத்தாள் கேமராவை எடுத்து, படங்களைப் பொறுமையாக ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். வண்டி உறுமிக்கொண்டே நின்றது. ஒரு படத்தில் நிறுத்தி, "இது யாரு மாடுங்க? பல்லே இல்ல" என்றார்.

"அது போன வாரமே வித்துப்போச்சுங்க" என்றார் அண்ணன் மெதுவாக.

மயிலையின் படங்கள் மட்டும் தொண்ணூறுக்கு மேல் இருந்தன. குளம்பு, நாக்கு, காம்பு, வால் நுனி. எல்லாம் மஞ்சள் வெயிலில். காது மடலுக்குப் பின்னால் பெரிதாக்கிப் பார்த்தவர் என்னிடம் திரும்பினார். "இங்க ஒரு உண்ணி இருக்குது. எடுத்து உடலீங்களா?"

"முந்தாநாளே எடுத்துப்போட்டேனுங்க."

இறங்கிப் போய் மயிலையின் காதைத் தூக்கிப் பார்த்தார். உண்ணி இல்லை. இருந்த இடத்தில் சிறு வடு மட்டும் இருந்தது. டிரைவரைப் பார்த்து, "வண்டிய ஆப் பண்ணு" என்றார்.

"ஆளு எப்படியோ, படம் சுத்தமுங்க. வெலையச் சொல்லுங்க" என்றார் அண்ணனிடம்.

முப்பது வருடத்தில் விலையை வாயால் சொல்லாத மனிதர் அவர். அக்கம்பக்கம் பார்த்தார். தொண்டையைச் செருமினார். அவர் சொன்னது அவருக்கே கேட்டிருக்காது. ராசாத்தாள் இரண்டு தடவை திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. மூன்றாம் தடவை சத்தமாகச் சொல்லிவிட்டு, துணியில்லாமல் தெருவில் நிற்கிறவர் மாதிரி கூனிக்கொண்டார்.

மயிலை வண்டியில் ஏற முரண்டு பிடித்தது. நான் முன்னால் நின்று கூப்பிட்டதும் ஏறியது. வண்டி பொள்ளாச்சி ரோட்டுக்குத் திரும்புகிற வரைக்கும் அண்ணன் கேமராவை எடுக்கவே இல்லை. நேரம் உச்சி வெயில், எடுத்தாலும் நன்றாக வராது என்றார்.

திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்கு லாரி வந்து வாசலில் ஹாரன் அடித்தது. என் வீட்டுக்காரர் போர்வையை இழுத்துத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டார். நான் போய்க் கதவைத் திறந்தேன்.

"மாடு கோபிக்குப் போயிருச்சுங்க" என்றேன்.

"வேற எதாச்சும் இருக்குதுங்களாக்கா?"

"இல்லீங்க" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன்.