நைனா ஒயரிங் செய்த பேஸ் கிட்டார்

எங்கள் நைனாவுக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. அவர் பயந்தது பாடி ஷார்ட்டுக்கு மட்டும்தான். மிஷினுக்குள் ஓட வேண்டிய கரண்ட் வழி தவறி வெளி இரும்புக்கு வந்துவிடுவதற்கு அந்தப் பெயர். எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் அவர் எலக்ட்ரீஷியன். அங்கே ஒருநாள் வெல்டிங் மிஷின் மேல் கை வைத்த ஆள் கையை எடுக்கவே இல்லையாம். அவ்வளவுதான் சொல்வார். மேற்கொண்டு கேட்டால் எழுந்துபோய் வீட்டு கிரைண்டரில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். தினமும் காலையில் கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், ஃபிரிட்ஜ் மூன்றுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. ஃபிரிட்ஜைத் திறக்க வேண்டுமென்றால் நாங்கள் ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். வீட்டுக்குள் செருப்பா என்று வந்தவர்கள் முகம் சுளித்தால், “அவுரு ஆர்டரு” என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள்.

கிட்டார் அவர் தம்பியுடையது. திருவொற்றியூரில் எங்களோடு ஒரே வீட்டில் இருந்த சித்தப்பா பகலில் துறைமுகத்தில் சரக்கு மூட்டை எண்ணுவார், சாயங்காலமானால் ஒரு மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பார். கப்பலிலிருந்து இறங்கிய யாரோ ஒரு ஆளிடம் அவர் வாங்கிய கிட்டார் அது. நாலு தந்திதான். அதிலிருந்து தனியாக ஒரு பாட்டும் வராது, ‘தும் தும்’ என்றுதான் வரும். இதற்கு எதற்கு இத்தனை தடித்த கம்பி என்பது நைனாவின் நெடுநாள் சந்தேகம்.

நான் ஆறாவது படித்த வருடம் அந்தக் கிட்டாருக்கு உப்புக்காற்றில் வியாதி வந்தது. சத்தத்தைக் கூட்டும் நாப்பைத் திருகினால் அப்பளம் நொறுங்குகிற மாதிரி கரகரவென்றது. மூன்று நாப்பில் ஒன்று காணாமல் போயிருந்தது, ஒன்று உடைந்திருந்தது. அதே சமயத்தில் குழுவை நடத்திய கீபோர்டுகாரர் பிளாப்பி போடுகிற புதுக் கீபோர்டு ஒன்று வாங்கிவிட்டார். இடது கையால் நாலு கட்டையை அமுக்கினால் போதும், அதுவே தும் தும் என்றது. ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெருக்காரர் மகனுக்கு ராயபுரத்தில் ரிசப்ஷன். அதிலும் கிட்டார் கரகரத்தால் இனிமேல் வர வேண்டாம் என்று சித்தப்பாவிடம் சொல்லிவிட்டார்.

சித்தப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூட்டை எண்ணுவது அவருக்குப் பிழைப்பு. மேடையில் நிற்கிற மூன்று மணி நேரம்தான் அவர் அவராக இருந்தார் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், சித்தப்பா பங்கு முட்டையும் எனக்கே கிடைத்தது என்பதுதான்.

மவுண்ட் ரோட்டுக் கடையில் கேட்டால் பத்து நாள் ஆகும் என்றார்கள். இதைக் கேட்டதும் நைனாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “வூட்ல ஒரு எலக்ட்ரீசியன வெச்சிகினு வெளிய குடுக்கப் பாக்கறியா நீ?” என்றார். வேண்டாம் என்று சொல்கிற தைரியம் சித்தப்பாவுக்கு இருந்ததே கிடையாது.

வெள்ளிக்கிழமை நைனாவுக்கு வார லீவு. கூடத்தில் செய்தித்தாளைப் பரப்பி, கிட்டாரை மல்லாக்கப் படுக்கவைத்து, நாப்புகள் இருந்த இரும்புத் தட்டைக் கழற்றினார். உள்ளே எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தது. ஒயர்களைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “இன்னாடா இது, ஒயரா, சேமியாவா?” என்று கேட்டுவிட்டு அத்தனையையும் பிடுங்கி எறிந்தார். ரிச்சி தெருவிலிருந்து சித்தப்பா வாங்கி வந்திருந்த புது வால்யூம் கண்ட்ரோல்களை, வீட்டுக்கு மெயின் லைன் இழுக்கிற ஒயரால் இணைத்தார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று நிறம் மாறாமல், ஒவ்வொன்றின் கழுத்திலும் எண் எழுதிய சீட்டு. ஈயப்பற்று ஒவ்வொன்றும் சுண்டைக்காய் அளவு. எல்லாம் முடிந்த பிறகு தட்டு மூடவில்லை. நைனா உளியைக் கொண்டுவரச் சொன்னார்.

மரத்தில் முதல் அடி விழுந்தபோது சித்தப்பா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்பவருக்குக் கொடுப்பதுபோல அம்மா அவருக்கு ஒரு டம்ளர் காபி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

அப்புறம்தான் நைனா அந்த ஒயரைப் பார்த்தார். மெல்லிசாக ஒரே ஒரு ஒயர் மரத்தைத் துளைத்துக்கொண்டு போய், நாலு தந்தியும் மாட்டியிருக்கிற இரும்புத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. நைனாவின் முகம் மாறிவிட்டது. தம்பியை உள்ளே கூப்பிட்டார்.

“இத்தினி வருசமா கரண்டுப் பாடில கைய வெச்சிகினு கீறியாடா நீ?”

“அது அப்டித்தாண்ணா வரும், எல்லா கிட்டார்லயும்...” என்று சித்தப்பா இழுத்தார். தந்திக்கு ஒயர், தந்தி மேல் விரல், மறுமுனையில் கேபிள், கேபிள் போய்ச் சேருவது கரண்டில் ஓடும் ஆம்ப்ளிஃபயர். நைனா இதை விரல் விட்டுச் சொல்லிக் காட்டினார். அந்த ஒயரை அடியோடு வெட்டி, நுனியில் இன்சுலேஷன் டேப்பைக் கட்டைவிரல் தடிமனுக்குச் சுற்றினார். கட்டிங் பிளேயரைக் கீழே வைத்த பிறகும் அவர் முறைப்பு இறங்கவில்லை.

மிச்சம் இருந்த இரும்பு நாப்பையும் அவர் விட்டுவைக்கவில்லை. எல்லாம் பிளாஸ்டிக்காக இருக்க வேண்டும் என்றார். ஒன்று பழைய ரேடியோவிலிருந்து வந்தது. இன்னொன்று ஃபேன் ரெகுலேட்டருடையது, ஒன்று முதல் ஐந்து வரை எண் போட்டது. மூன்றாவதற்கு ஆள் கிடைக்காமல் கேஸ் அடுப்பின் பழைய நாப்பை நான்தான் தேடிக் கொடுத்தேன். அதில் ஒரு சின்னத் தீப்பிழம்பு படம் இருந்தது. கிட்டாருக்கு அது மிகவும் பொருந்தியது என்று இன்றைக்கும் சொல்வேன். வீட்டில் ஆம்ப்ளிஃபயர் இல்லாததால் வாசித்துப் பார்க்க வழியில்லை. நைனா நாலு தந்தியிலும் டெஸ்டரை வைத்தார், எதிலும் விளக்கு எரியவில்லை. கிட்டார் பாஸ் என்று அறிவித்துவிட்டுக் குளிக்கப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரிசப்ஷன் மேடையில் கீபோர்டுகாரர் அந்த நாப்புகளைப் பார்த்தார். “இன்னா மாமு, பாட்டு வாசிக்கப் போறியா, சாம்பாரு வெக்கப் போறியா?” என்றார். சித்தப்பா கேபிளைச் சொருகினார்.

கரகரப்பு சுத்தமாகப் போயிருந்தது. அதற்குப் பதிலாக ‘ங்ங்ங்ங்’ என்று ஓர் உறுமல் மண்டபம் முழுக்கக் கேட்டது. மழைக்கால டிரான்ஸ்பார்மர் சத்தம். பெண் வீட்டுக்காரர் ஒருவர் ஃபேனில்தான் கோளாறு என்று முடிவுகட்டி ஒவ்வொரு ஃபேனாக நிறுத்திக்கொண்டே வந்தார். கல்யாணப் பெண்ணின் பவுடர் வழிய ஆரம்பித்தது. உறுமல் நின்றபாடில்லை. இந்தப் பாட்டோடு இறங்கிக்கொள்ளும்படி கீபோர்டுகாரர் சைகை காட்டினார்.

சத்தத்தைக் குறைக்கலாம் என்று சித்தப்பா நாப்பைத் திருகப் போனபோது அவர் உள்ளங்கை தற்செயலாக இரும்புத் தட்டில் பட்டது. உறுமல் சட்டென்று நின்றது. கையை எடுத்தார், வந்தது. வைத்தார், நின்றது. ஆனால் தட்டில் கையை வைத்துக்கொண்டு தந்தியை மீட்ட முடியுமா? மேடைக்குக் கீழே நின்ற என்னிடம், நைனாவைக் கூட்டி வா என்று சித்தப்பா கெஞ்சினார்.

நைனா முதல் பந்தியில் ரசம் சாதத்தில் இருந்தார். விஷயத்தைச் சொன்னதும் பாதியில் எழுந்து வந்தார். மேடை ஏறித் தட்டைத் தொட்டும் தொடாமலும் குனிந்து பார்த்தார். சித்தப்பாவின் உடம்பு தட்டோடு சேர்ந்திருந்தால் போதும் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. வெட்டிப்போட்ட அந்த மெல்லிய ஒயர் செய்துகொண்டிருந்த வேலையே அதுதான். அதைத் திரும்ப வைக்கத் தந்திகளையெல்லாம் கழற்ற வேண்டும், பற்ற வைக்க வேண்டும்.

சீரியல் லைட் போட வந்திருந்த பையன் ஒரு முழ ஒயரை நீட்டி நல்ல யோசனை சொன்னான். ஒரு முனையைத் தட்டிலும் மறுமுனையைச் சித்தப்பா இடுப்பிலிருக்கும் வெள்ளி அரைஞாணிலும் கட்டிவிடலாம் என்றான். சித்தப்பா சட்டையைத் தூக்கத் தயாராகிவிட்டார். நைனா ஒயரைப் பிடுங்கித் தூரப் போட்டார்.

“கட்டிட்டா அவுக்க முடியாது. நான் புடிச்சிக்கிறேன். எதுனா வந்தா எனக்கு மொதல்ல தெரியும்.”

தன் தப்பை ஒப்புக்கொள்ள மனமில்லாமல் வீம்பு பிடிக்கிறார் என்று குழுவில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நைனா துண்டில் கைகளை மூன்று தரம் துடைத்தார். செருப்பைக் கொண்டுவரச் சொல்லிப் போட்டுக்கொண்டார். பிறகு என் கையைப் பிடித்து மேடைக்குப் பக்கத்து மூலையில் இருந்த மெயின் சுவிட்சுக்கு அழைத்துப் போய் அதன் கைப்பிடியைக் காட்டினார்.

“நான் உயுந்தா கிட்ட வராத, என்னத் தொடாத. இத்த கீய இஸ்து வுடு. யார் கூப்ட்டாலும் இங்கிருந்து நவுராத, இன்னா?”

வீட்டில் தினமும் கேட்கிற சட்டதிட்டங்களில் இதுவும் ஒன்று என்று தலையாட்டிவைத்தேன்.

நைனா மேடை ஏறி, சித்தப்பாவுக்குப் பின்னால் நின்று, வலது கையைத் தட்டிலும் இடது கையை அவர் பிடரியிலும் வைத்தார். உறுமல் அடங்கிவிட்டது. மண்டபம் மொத்தமும் சிரித்தது. வீட்டுக்குத் தெரியாமல் கூத்தடிக்க வந்த தம்பியை அண்ணன் கழுத்தைப் பிடித்து இழுத்துப்போக வந்துவிட்டு, பாட்டு நன்றாக இருக்கிறதே என்று நின்றுவிட்ட மாதிரி இருந்தது அந்தக் காட்சி. மாப்பிள்ளை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். சித்தப்பா ஆடினால் நைனாவும் கூடவே ஆட வேண்டியிருந்தது. வீடியோக்காரர் மணமக்களை விட்டுவிட்டு வெளிச்சத்தை அவர்கள் மேல் திருப்பினார். ஒன்றரை மணி நேரம் இப்படியே நடந்தது.

சித்தப்பாவின் இடம் பிழைத்தது. தும் தும் அத்தனை சுத்தமாக வந்தது. அடுத்த வாரம் பெரம்பூரில் கச்சேரி என்றும், வரும்போது அண்ணனையும் இட்டுக்கொண்டு வா, அவருக்குத்தான் கைதட்டல் ஜாஸ்தி என்றும் கீபோர்டுகாரர் சொன்னார். ஒற்றை ஒயர்தானே என்று மறுநாளே மவுண்ட் ரோட்டுக் கடைக்காரர் அதைப் பழைய இடத்தில் வைத்துக் கொடுத்தார். அது உறுமலை அடக்குகிற ஒயர் மட்டும்தான், அதில் ஆளைப் பிடிக்கிற கரண்ட் வராது என்று அவர் சொன்னதை நைனா இரண்டு தரம் சொல்லவைத்துக் கேட்டார். முந்தின நாள் அவருக்கு அது தெரியாது. அந்த ஒன்றரை மணி நேரமும் அவருக்கு அது தெரியாது.

இதில் என் பங்கை நான் யாரிடமும் சொன்னதில்லை. மூன்று பாட்டு வரை மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ஒழுங்காகத்தான் நின்றேன். நாலாவது பாட்டில் ஐஸ்கிரீம் கொடுக்க ஆரம்பித்தார்கள். மேடையில் எல்லோரும் சந்தோஷமாக இருக்க, நான் மட்டும் இருட்டு மூலையில் சுவருக்குக் காவல் நிற்பது அநியாயமாகப் பட்டது. ஓடிப்போய் வரிசையில் நின்று, ஒரு கப் வாங்கி, மரக்கரண்டியை நக்கிக்கொண்டே மேடையைத் திரும்பிப் பார்த்தேன். மண்டபமே நைனாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. நைனா மட்டும் யாரையும் பார்க்காமல் மெயின் சுவிட்ச் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை. இரண்டு கையும் வைத்த இடத்திலேயே இருந்தன. அப்புறம் கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடி என்னைக் கண்டுபிடித்தார். என்னையும் என் கையிலிருந்த கப்பையும் மாறி மாறிப் பார்த்தார்.

அவருக்கும் ஐஸ்கிரீம் வேண்டும் போலிருக்கிறது என்று நினைத்து, நான் திரும்பவும் வரிசையில் போய் நின்றேன்.