ஓடெல்லா தட்டிவிட்டுத்தான் நுழைவார்

தரைக்கு மேலே தூக்கி நிறுத்திய டிரெய்லர் வீட்டுக்கு அடியில் நுழையும் முன், மிஸ் ஓடெல்லா சுத்தியலால் பக்கத் தகரத்தைத் தட்டி, "யாரு வீட்ல?" என்று கேட்பார். பாம்பு இருந்தால் விலகிப் போகட்டும் என்றுதான். பாதி ஆயுளைக் கோழி இறைச்சி ஆலையில் நின்றே கழித்தவர், இப்போது எங்கள் ஆர்கன்சா மாவட்டத்து ஏழை வீடுகளுக்கு அடியில் மல்லாந்து கிடந்து, சூடான காற்று போகும் குழாய்களின் ஓட்டைகளை அடைக்கிறார். அந்தப் பழுதுபார்க்கும் குழுவில் காற்றுக் கசிவை அளவு பார்ப்பவன் நான். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. அதனால் அவருக்கு நான் 'காலேஜு'.

அன்று தட்டியதும் உள்ளேயிருந்து உறுமல் வந்தது.

வெர்லன் பெட்டியின் வீடு இரண்டு பாதிகளைச் சேர்த்துக் கட்டியது. ஒரு பாதியிலிருந்து மறுபாதிக்குச் சூட்டைக் கொண்டுபோகும் குழாய் கிழிந்து வீட்டுக்கு அடியில் மண்ணில் கிடந்தது. ஹீட்டர் மண்ணைச் சூடாக்க, மறுபாதியில் வெர்லனின் அப்பா மூக்கில் ஆக்சிஜனோடு நடுங்கிக்கொண்டிருந்தார். மாலைக்குள் பனிப்புயல் என்றது ரேடியோ. கிழிந்த குழாயின் கதகதப்பில் ஒரு தெருநாய் குட்டி போட்டிருந்தது.

வெர்லன் துப்பாக்கியோடு வந்தான். "தள்ளுங்க, மிஸ் ஓடெல்லா. ஒரு குண்டு போதும்."

"அந்த ரத்தத்து மேல வர்ற காத்ததான் உங்கப்பா மூச்சு விடணுமா? போய் ஹீட்டர நிறுத்து. சூடு போனா அவளே குட்டிகளத் தூக்கிட்டுப் போயிடுவா."

"நிறுத்துனா அப்பா வெறைச்சுப் போயிடுவாரு."

"இப்ப மட்டும் வெந்துக்கிட்டா இருக்காரு?"

வெர்லன் முனகிக்கொண்டே போய் நிறுத்தினான். வண்டி ஹீட்டரில் சூடாக்கிய தன் கோட்டை ஓடெல்லா வாசற்படிக்கு அடியில் விரித்தார். காத்திருந்தோம். தகரத்தில் பனித்துகள் படபடக்கத் தொடங்கியது. வீட்டுக்குள் கிழவரின் இருமல் நீண்டது.

கடைசியில் நாய் ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. திரும்பத் திரும்பப் போய் மற்றவற்றையும் கொண்டுவந்து, கோட்டின் மேல் படுத்தது.

ஓடெல்லா உள்ளே ஊர்ந்தார். நான் டார்ச்சைப் பிடித்தேன். புதுக் குழாயை மாட்டிப் பட்டையை இறுக்கி, மூட்டெல்லாம் சாம்பல் நிறப் பசையைத் தடவினார். மேலே பஞ்சுப் போர்வையைச் சுற்றப்போனபோது, நாய் என் காலைத் தாண்டி உள்ளே பாய்ந்து புதுக் குழாயைப் பிறாண்டியது.

"வெர்லன், சுவிட்சத் தொடாதே!"

"இன்னும் என்ன? அப்பா உதடு நீலமாயிடுச்சு!"

"குட்டி ஒண்ணு குழாய்க்குள்ள மாட்டிக்கிச்சு."

பட்டையை அறுத்தார். ஈரப் பசை அப்பிய குழாய்க்குள் தோள்வரை கையை விட்டார். நாயின் பல் அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் இருந்தது. "கடிக்கணும்னா அப்புறம் கடி," என்றார் மெதுவாக. "இப்ப எனக்கு வேலை இருக்கு."

கை வெளியே வந்தபோது, பசை அப்பிய குட்டி ஒன்று அதில் நெளிந்தது. நாய் அதைப் பறித்துக்கொண்டு ஓடியது. ஓடெல்லா மறுபடி மாட்டி, இறுக்கி, தடவி, சுற்றினார்.

"இப்பப் போடு."

நான் உள்ளே ஓடிக் கிழவரின் கட்டிலருகே தரையில் காற்று வரும் சல்லடையில் கை வைத்தேன். முதலில் குளிர்ந்த காற்று. பிறகு சூடு.

கிழவர் கண்ணைத் திறந்து மூக்கைச் சுளித்தார். "நாய் வாடை அடிக்குதே."

"உயிரோட இருக்கிற நாய் வாடை, மிஸ்டர் பெட்டி," என்று தரைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "பொறுத்துக்குங்க. ஏய் காலேஜு, எனக்கு உன் கோட்டக் குடு."