ஒட்டுப்பாலில் சிக்கிய நீலச் செருப்பு

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே உள்ள றப்பர் தோட்டத்தில் பால் வெட்டுவதில் ஷாமிளாவை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். மரப்பட்டையில் ஒரே இழுப்பில் அவள் போடும் கோடு அத்தனை சீராக இருக்கும். இன்று அந்தக் கத்தியை அவளால் இறுக்கிப் பிடிக்க முடியாது. ஆனாலும் அவளைப் பற்றி எழுத உட்கார்ந்தால் சந்தோஷம்தான் முந்திக்கொண்டு வருகிறது.

போன வருடம், மழை விட்ட ஒரு காலை. வாளி நிறையப் பாலோடு ஷாமிளா ஓடைப் பாலத்தில் இறங்கிக்கொண்டிருந்தாள். பாலம் என்பது இரண்டு மரக்குற்றிகளும் மேலே அடித்த பலகைகளும்தான். பலகைகள் உளுத்துப்போனது எல்லாருக்கும் தெரியும். ஓரமாகக் கால் வைத்து நடக்கப் பழகியிருந்தார்கள். அன்றைக்கு அந்த ஓரமும் முறிந்தது.

பின்னால் வந்த சிநேகிதி விஜயகலா ஓடி இறங்கிப் பார்த்தபோது, ஷாமிளா கல்லில் உட்கார்ந்திருந்தாள். வலது மணிக்கட்டு கோணி நின்றது. ஒரு காலில் செருப்பு இல்லை.

"பாலு பூராவும் போச்சு விஜி."

"கை போயிருக்கு, நீ பாலப் பத்திப் பேசுறியேக்கா."

"கண்டாக்கையாகிட்ட என்னன்னு சொல்லுவேன்?"

கண்டாக்கையா என்பவர் மலைக்குப் பொறுப்பான உத்தியோகத்தர். அவர் ஏசுவதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். பால் நிறுக்கும் இடத்தில் கேட்கவேண்டிய நக்கலைத்தான் தாங்க முடியாது. பாலைக் கொட்டியவளுக்கு அங்கே 'கொட்டினவ' என்று பட்டப்பெயர் விழுந்துவிடும், லேசில் போகாது. கை முறிந்தது விதி, பால் கொட்டியது வெட்கம். அப்படித்தான் தொழிலாளர்கள் குடியிருக்கும் அந்த லயங்களில் நினைத்தார்கள்.

ஆகவே இருவரும் அங்கேயே ஒரு கதை முடிவு செய்தார்கள். ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டதும் ஷாமிளா சிங்களத்தில் சொன்னாள்: "பீல்ல லங்க வெட்டுணா." வேலைக்குக் கிளம்பும் முன்பே லயத்துத் தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில் விழுந்தேன் என்று. டாக்டரும் அப்படியே எழுதிக்கொண்டார்.

எலும்பு கோணலாகக் கூடியது. கத்தி பிடித்தால் விரல்கள் தாமாக விரிந்தன. வேறு வேலை கேட்டுப் போனபோது கண்டாக்கையா சொன்னார்:

"பீலியில விழுந்ததுக்குத் தோட்டம் என்னம்மா செய்யும்? மம்பட்டி பிடிக்க ஏலுமுன்னா புல்லு வெட்ட வா. ஏலாட்டி நின்னுக்க."

அந்தக் கையால் மம்பட்டியும் பிடிக்க முடியாது. பாலத்தில் விழுந்ததை நிரூபிக்காவிட்டால் வேலையும் இல்லை, நட்டஈடும் இல்லை. ஷாமிளா விஜயகலாவைக் கூட்டிக்கொண்டு கேகாலைக்கு பஸ் ஏறினாள்.

தொழில் அலுவலகத்தில் அதிகாரியாக இருந்த நாகேஸ்வரி மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர்.

"எந்த இடத்தில விழுந்தனீங்கள்?"

"பீலிக்கரையில மிஸ்" என்றாள் விஜயகலா, பழக்கதோஷத்தில்.

ஷாமிளா முழங்கையால் அவளை இடித்தாள். "இல்லங்க மிஸ். பாலத்துல. வேல செய்யயிலதான் விழுந்தேன். பொய் சொல்லிட்டோம்."

"ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"பாலு கொட்டிருச்சுங்க."

நாகேஸ்வரி பேனாவைக் கீழே வைத்தார். "கை முறிஞ்சதை விடப் பால் கொட்டினதோ வெட்கம்?"

"எங்க தோட்டத்துல அப்படித்தாங்க மிஸ்."

அவர் சிரிக்கவில்லை. "வடிவாக் கேளுங்கோ. வேலை நேரத்தில, வேலையால வந்த காயத்துக்கு நட்டஈடு கேக்க உங்களுக்கு உரிமை இருக்கு. விழுந்த இடத்தை அண்டைக்கே தோட்டத்துக்கும் டொக்டருக்கும் உள்ளபடி சொல்லியிருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லை. இப்ப, பாலத்திலதான் விழுந்தனீங்கள் எண்டு காட்ட ஏதும் இருக்கோ?"

"நான் கண்ணால பார்த்தேங்க" என்றாள் விஜயகலா.

"நீங்கள் சிநேகிதி. அது மட்டும் காணாது."

திரும்பும் பஸ்ஸில், வளைவு ஒன்றில் விஜயகலா திடீரென்று ஷாமிளாவின் தொடையில் தட்டினாள்.

"அக்கா, ஒன் செருப்பு."

"அது ஓடையோட போயிருச்சு."

"போகல. எங்க வீட்டு ஆட்டுப்பட்டியில தொங்குது."

கொட்டிய பால் கல்லிலும் பாசியிலும் இறுகி ஒட்டுப்பாலாகும். அதை வீணாக விடும் வழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. மறுநாளே விஜயகலா போய் அதை உரித்தெடுத்திருந்தாள், அக்காவின் நிறையில் சேர்க்கலாம் என்று. உள்ளே செருப்பும் பலகைத் துண்டும் சிக்கியிருந்ததால் பால் நிறுக்கும் ஸ்டோரில் எடுக்கமாட்டார்களே என்று கட்டித் தொங்கவிட்டாள்.

"நாத்தத்துல எங்க மாமியா என்னோட பேசுறதில்ல."

"தூக்கிப் போட்டிருக்கலாமே."

"றப்பர எப்படிக்கா தூக்கிப் போடுறது?"

விசாரணைக்கு நாகேஸ்வரி பாலத்தடிக்கே வந்தார். விஜயகலா உரச்சாக்கை அவிழ்த்ததும் பாதிப் பேர் மூக்கைப் பொத்தினார்கள். கறுத்த ஒட்டுப்பால் கட்டி. அதற்குள் பாதி புதைந்த நீலச் செருப்பு. பக்கத்தில் ஆணியோடு உளுத்த பலகைத் துண்டு. ஷாமிளா தன் பையிலிருந்து மற்றச் செருப்பை எடுத்துக் கல்லில் வைத்தாள். அதே நீலம், அதே தேய்வு.

"செருப்பப் பிறகு செருகியிருப்பாங்க மிஸ்" என்றார் கண்டாக்கையா.

"அப்ப நீங்களே இழுத்து எடுங்கோ, பாப்பம்."

இழுத்தார். வரவில்லை. புரட்டிப் பார்த்தார். செருப்பு வாரின் ஓட்டைக்குள்ளும் பலகையின் நரம்புக்குள்ளும் பால் ஊறி இறுகியிருந்தது. பலகைத் துண்டைக் கொண்டுபோய்ப் பாலத்தில் முறிந்து நின்ற மிச்சப் பலகையோடு சேர்த்தார். பொருந்தியது. ஆயுசெல்லாம் றப்பரோடு கழித்த மனிதர் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"இல்ல மிஸ். இது பால் தண்ணியா இருக்கயிலேயே விழுந்ததுதான். பொய் சொல்லக்கூடாது."

ஷாமிளா அப்போதுதான் அழுதாள். கை முறிந்த அன்றைக்குக்கூட அழாதவள். கேள்விப்பட்ட எனக்கே கண் கலங்கியது.

வேலையில் பட்ட காயம் என்று தீர்ப்பானது. நட்டஈடு வந்தது. பால் ஸ்டோரில் வடிகட்டிப் பார்க்கும் வேலை அவளுக்குக் கிடைத்தது. உளுத்த பலகைகளைக் கழற்றிவிட்டுக் கைப்பிடி வைத்த கொங்கிறீட் பாலம் கட்டினார்கள். வாளியோடு இறங்குகிறவர்கள் இப்போது நடுவில் நடக்கிறார்கள்.

அண்மையில் விஜயகலா மேல் மலையில் மழைத்தண்ணீர் ஓடும் கானில் வழுக்கி விழுந்தாள். வாளி உருண்டது. அவள் எழும்பவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே மலை முழுக்கக் கேட்கக் கத்தினாள்:

"எல்லாரும் கேட்டுக்கங்க. வேல செய்யயில கான்ல விழுந்தேன். பாலு பூராவும் கொட்டிருச்சு."

அடுத்த நிரையிலிருந்து ஒரு குரல்: "கொட்டினவளே, செருப்பு இருக்கா?"

"ரெண்டும் கால்ல இருக்கு. கண்டாக்கையாவ வரச் சொல்லு."

செய்தி கேட்டு ஸ்டோரிலிருந்து ஷாமிளா ஏறி வந்தாள். "டாக்டர்கிட்ட கான்னே சொல்லு. பீலி கீலின்னு ஒளறாத" என்று காதோடு சொன்னாள். கண்டாக்கையாவும் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கவிழ்ந்த வாளியைத் தாண்டி வந்து விஜயகலாவின் முன்னால் குந்தினார்.

"எங்க, காலக் கொஞ்சம் அசைச்சுப் பாரு" என்றார். பாலைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.