டோரதி மிஸ் போட்ட தோப்புக்கரணம்

டோரதி மிஸ்ஸுக்கு உலகத்தில் எதிரி என்று யாரும் கிடையாது, சுளுக்கைத் தவிர. அடையாற்றில் ஒரு பெண்கள் கல்லூரியில் அவர் உடற்பயிற்சி ஆசிரியை. மைதானம் கொஞ்சம் ஈரமாக இருந்தாலும் யாரையும் ஓட விடமாட்டார். வார்ம் அப் பண்ணாமல் ஒருத்தி நாலு அடி வேகமாக வைத்தால் விசில் பறக்கும். போட்டிக்கு முதல் நாள் மாடிப்படி ஏறக்கூடாது என்று சட்டம் போட்டு, மேல்மாடி வகுப்புகளுக்கு விடுப்பும் வாங்கிக் கொடுப்பார். அவர் போட்ட சட்டங்களில் மாணவிகள் மனதார மதித்தது இது ஒன்றைத்தான்.

இவ்வளவும் செய்து என்ன பிரயோஜனம்? பயிற்சியில் ஒருத்திக்கும் ஒன்றும் ஆகாது. போட்டியன்று மட்டும் யாராவது ஒருத்தி பாதி ஓட்டத்தில் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். 1971-ல் ஒருத்தி, அடுத்த வருஷம் இன்னொருத்தி. இரண்டு பேரையும் தூக்கிக்கொண்டுதான் வந்தார்கள். பெற்றோர் வந்து சத்தம் போட்டார்கள். "இந்த வருஷமும் ஒருத்தி நொண்டிக்கிட்டு வந்தா, அப்புறம் டீமே கிடையாது டோரதி" என்று கல்லூரி முதல்வர் சொல்லிவிட்டார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் பேசலாம். அவரோ அன்பாகச் சொன்னார்.

1973-ல் போட்டி ஒரு சனிக்கிழமை, மெரினா பக்கத்து மைதானத்தில். பெண்கள் பஸ் படியில் தொங்கிக்கொண்டு வந்து காலைக் கெடுத்துக்கொள்வார்கள் என்று, தெரிந்த டாக்ஸிக்காரர் கரீமுல்லாவின் வண்டியில் மிஸ்ஸே கிளம்பினார். தொடர் ஓட்டம் ஓடும் நால்வரும் மயிலாப்பூரில் ஜெயபாரதி வீட்டில் கூடுவதாக ஏற்பாடு.

"தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குப் போயிருக்காங்க டீச்சர். போட்டின்னா எப்பவும் போறதுதானே" என்றாள் ஜெயபாரதியின் அம்மா.

போய்ப் பார்த்தால், நால்வரும் வரிசையாக நின்று, காதைக் குறுக்காகப் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்து எழுந்து தோப்புக்கரணம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அதில் மர்சலினும் ஒருத்தி. மிஸ் போகும் அதே சர்ச்சுப் பங்கைச் சேர்ந்த கிறிஸ்தவப் பெண்!

"நிறுத்துங்கடீ! மர்சலின், நீயுமா?"

"டீமுக்காக மிஸ்."

"எத்தனை போடறதா உத்தேசம்?"

"நூத்தியெட்டு மிஸ், இப்பத்தான் ஆரம்பிச்சோம்" என்றாள் ஜெயபாரதி. "மொத வருஷம் அம்பத்தொண்ணுதான் போட்டோம், கால் பிடிச்சுக்கிச்சு. போன வருஷம் கூட்டிப் போட்டோம். அப்பவும் பிடிச்சுக்கிச்சு. சாமிக்குப் பத்தலை மிஸ்."

மிஸ்ஸுக்கு இப்போதுதான் புரிந்தது. இரண்டு வருஷமாக ஷூவைக் குறை சொன்னார், மைதானத்தைக் குறை சொன்னார், கான்டீன் சாம்பாரைக்கூட விட்டுவைக்கவில்லை. வியாதியோ இங்கே காதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

"காலை இங்கேயே செலவழிச்சுட்டா அங்க எதை வெச்சு ஓடுவீங்க? ஏறுங்க வண்டியில!"

ஒருத்தியும் நகரவில்லை. பாதியில் விட்டால் சாமி குத்தமாம். அந்தப் பயத்தோடு ஓடினால் கால் தானாகப் பின்னிக்கொள்ளும் என்பது மிஸ்ஸுக்குத் தெரியாதா? சத்தம் கேட்டு வெளியே வந்த குருக்களிடம் அவர் நேராகவே கேட்டார்: "இவங்க பாக்கியை வேற யாராவது போட்டா பிள்ளையார் ஒத்துக்குவாரா?"

"பேஷா ஒத்துப்பார். நாலு பேரும் சேந்துண்டு ஒரே வேண்டுதல்தானே? யாராவது ஒருத்தர் நூத்தியெட்டு போட்டா போறும். ஆனா யார் போடப்போறா?"

மிஸ் கைப்பையைக் கரீமுல்லாவிடம் கொடுத்தார். முந்தானையை இடுப்பில் செருகினார். காதைப் பிடித்தார், அதையும் தப்பாகப் பிடித்தார். மர்சலின்தான் கையைக் குறுக்காக மாற்றிவிட்டாள்.

விசில் ஊதியே பழகிய உடம்பு. முப்பதைத் தாண்டுவதற்குள் முட்டி முனகியது.

"மிஸ், வார்ம் அப் பண்ணாமலே..." என்று ஜெயபாரதி இழுத்தாள்.

"பேசாம எண்ணுடீ!"

"இன்னா மிஸ் இது, டைம் ஆயிக்கினே கீது" என்று அலுத்துக்கொண்ட கரீமுல்லாவும் கூடவே எண்ணினார். முடித்தபோது தெருவே கைதட்டியது.

அன்றைய தொடர் ஓட்டத்தில் பெண்கள் இரண்டாவதாக வந்தார்கள். மிஸ்ஸுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. கடைசியாக ஓடிய ஜெயபாரதி எல்லைக் கோட்டைத் தாண்டி, தொடையைப் பிடிக்காமல், சிரித்துக்கொண்டே திரும்பி நடந்து வந்தாள். மிஸ் அழுதேவிட்டார். சாயங்காலம் கல்லூரி வாசலில் காத்திருந்த முதல்வர், டாக்ஸியிலிருந்து இறங்கிய ஒவ்வொருத்தியின் நடையையும் உற்றுப் பார்த்தார். "ஒருத்திக்கும் ஒண்ணுமில்லையே! அப்ப டீம் உண்டு" என்றார். அதற்குப் பிறகு மிஸ்ஸை இறக்கத்தான் நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

மறுநாள் சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எல்லோரும் முழந்தாளிட்டார்கள். டோரதி மிஸ் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணவர் ஆம்ப்ரோஸ் அவர் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"முட்டி மடங்கலைங்க. பிள்ளைங்களுக்காக ஒரு வேண்டுதல்" என்று மிஸ் கிசுகிசுத்தார். "இனிமே ரேஸ் முடிஞ்ச பிறகுதான் போடுவாங்கன்னு பிள்ளையார்கிட்டயும் சொல்லிட்டேன்."

"யார்கிட்ட?" என்று ஆம்ப்ரோஸ் போட்ட சத்தத்தில் முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.