பட்டினி கிடந்த பவளம்

நெரிடா கோல்கன் அழுக்கை மன்னிக்காதவள். ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் ஆலையில் மேற்பார்வையாளர். ஒரு படுக்கை விரிப்பில் மங்கலாகக் கறை தெரிந்தாலும் மொத்தக் கூடையையும் திருப்பி அனுப்புவாள். அதே கண்ணோடுதான் வீட்டுக்கு வந்து, உயிருள்ள பவளம் வளர்க்கும் தன் கடல்நீர்த் தொட்டியையும் பார்ப்பாள். இதை நான் குறையாகவும் சொல்லவில்லை, பெருமையாகவும் சொல்லவில்லை. வேலைக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று யாருக்கும் இரண்டு ஜோடிக் கண்கள் இல்லை.

எங்கள் பவளச் சங்கத்தில் ஒரு வழக்கம். தொட்டியில் பவளம் செழித்தால் கிளையை வெட்டி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். முதலில் வளர்த்தவர் பெயரும் கூடவே போகும். அந்தக் கிளை தாய்க்குப் பிறந்த பிள்ளை அல்ல. அதே உயிர், இரண்டு வீட்டில் இருக்கிறது, அவ்வளவுதான். ரெனாட்டோ பாவெட்டோ என்ற கரும்பு விவசாயி வளர்த்தது 'பாவெட்டோ ஊதா'. பச்சை உடம்பு, ஊதா நுனி. அவர் கொடுத்த விரல் நீளத் துண்டு நெரிடாவிடம் முட்டைக்கோஸ் அளவுக்கு வளர்ந்தது. அவரிடம் துண்டு வாங்கிய இன்னொருவர் பெர்த்துக்குக் குடிபோகும்போது தொட்டியையே கலைத்துவிட்டார். மற்றொருவரின் ஹீட்டர் கெட்டு எல்லாம் வெந்துபோயிற்று.

அப்புறம் மார்ச் மாதப் புயல். ரெனாட்டோ வீட்டில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் வெள்ளத்தில் மூழ்கியது. தொட்டியில் ஒன்றும் மிஞ்சவில்லை. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் சாசேஜ் சுடும் இடத்தில் அவர் தட்டைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். நெரிடா போய்ப் பக்கத்தில் நின்றாள்.

"புதுத் தொட்டி வை. தண்ணி பக்குவமானதும் உன் பவளம் உன்கிட்டயே வரும்."

"அதுவரைக்கும் உசுரோட வெச்சிருப்பியா?"

"கேள்வியப் பாரு. என் தொட்டிக்குள்ள தட்டு வெச்சுச் சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்."

வாக்குக் கொடுத்தபின் அவள் சுத்தத்தை இன்னும் இறுக்கினாள். தொட்டியிலிருந்த மீன்களுக்கு ஒரு சிட்டிகைதான் தீனி. கழிவை நுரையாக வெளியேற்றும் கருவி ராத்திரி பகலாக ஓடியது. மீன் கழிவில் சேரும் பாஸ்பேட்டை உறிஞ்சும் துகள்களை இரண்டு மடங்காக்கினாள். சோதனைக் குப்பியில் மருந்துச் சொட்டு விட்டால் நிறமே ஏறாது: நைட்ரேட்டும் இல்லை, பாஸ்பேட்டும் இல்லை. குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிக் கணவர் டெஸ்ஸிடம் காட்டுவாள்.

"பாரு, குடிக்கற தண்ணி தோத்துச்சு."

"குடிச்சுக் காட்டேன், பாப்போம்," என்பார் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல்.

பவளம் வெளிறியது. முதலில் அதை அழகு என்று நினைத்தாள். பிறகு மணல்மேல் பழுப்பாக, சளிபோல, குமிழ்களோடு ஒன்று படர்ந்தது. குழாய் வைத்து உறிஞ்சி எடுத்தாள்; மறுநாள் மத்தியானம் மறுபடி வந்திருந்தது. கறை போகாவிட்டால் இன்னொரு முறை துவைப்பதுதான் அவள் தொழிலின் விடை. துவைத்தாள். கொத்தின் அடியில் சதை உரிந்து வெள்ளை எலும்பு தெரிந்தது.

அடுத்த கூட்டத்தில் போனை ரெனாட்டோவிடம் நீட்டினாள். அவர் படத்தைப் பெரிதாக்கி நீண்ட நேரம் பார்த்தார்.

"நெரிடா, இதைப் பட்டினி போட்டிருக்க."

"என்னது?"

"ஒண்ணுமில்லாத தண்ணியில பவளம் எதைத் தின்னும்? வேற எதுவும் முளைக்காத எடத்துலதான் அந்தச் சளியும் வந்து குடியேறும். ஆஸ்பத்திரி மாதிரி வெச்சிருக்க. ஆஸ்பத்திரியில எவன் உடம்பு தேத்தியிருக்கான்?"

"உரத்தை ஆத்துல விட்டுக் கடல் பவளத்தைக் கெடுக்கறதே உங்க கரும்புக்காரங்கதான். நீ எனக்குச் சொல்ல வந்துட்டியா!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ரெனாட்டோவும் சிரித்தார்.

"அதை வருஷாவருஷம் திட்டு வாங்கித்தான் கத்துக்கிட்டோம். அளவு மீறினாலும் கேடு, இல்லாமப் போனாலும் கேடு. உன் தொட்டியில இப்ப இல்லாமப் போன கேடு."

அன்று வீட்டுக்குப் போனதும் அவள் அந்தத் துகள்களைக் குப்பையில் கொட்டினாள். நுரைக் கருவியை நிறுத்தினாள். மீன்களுக்கு வேளைக்கு வேளை தீனி போட்டு, நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டாள். கடினமான வேலை அதுவல்ல. அந்தச் சளியைத் தொடாமல் இருப்பதுதான். தினமும் நாற்காலி போட்டு எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்தாள். தான் நம்பியதற்கு நேர் எதிரானதை ஒருத்தி செய்வதை நான் அதிகம் கண்டதில்லை. இதற்குமேல் அவளைப் புகழ எனக்கு வராது.

சோதனைக் குப்பியில் ஒருநாள் லேசாக ரோஜா நிறம் ஏறியது: தண்ணீரில் நைட்ரேட் சேர்ந்துவிட்டது. ஆனால் கொத்தில் வெள்ளை மேலே ஏறுவது நிற்கவில்லை. நோய்பட்ட துண்டைக் கொடுப்பது எங்கள் சங்கத்தில் கௌரவக் குறைச்சல். அவள் கௌரவம் பார்க்கவில்லை. எலும்பு வெட்டும் இடுக்கியால் சதை மிஞ்சிய நுனிகளை வெட்டினாள். சிலவற்றைத் தன் தொட்டியிலேயே ஒட்டிவிட்டு, நல்லதாகத் தெரிந்த ஒன்றைத் தண்ணீர்ப் பையில் போட்டுக்கொண்டு ரெனாட்டோ வீட்டுக்குக் காரை ஓட்டினாள்.

அவருடைய புதுத் தொட்டியின் கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி. பின் பாறையில் முடிமுடியாகத் தொங்கியது.

"இன்னும் பக்குவமாகலம்மா. பாசியே போகல. ஒரு மாசம் பொறு," என்றார் ரெனாட்டோ.

"என் தொட்டியில இருந்தா ஒரு மாசம் தாங்காது. பாசி இருக்குன்னா தண்ணியில சாப்பாடு இருக்குன்னுதானே அர்த்தம்? பசையை எடு."

அவரே பாறையில் ஒட்டினார். அவள் கண்ணாடியின் பாசியைப் பார்க்காமல் அந்தத் துண்டை மட்டும் பார்த்தாள்.

குளிர்காலம் முடியும்போது நானும் அவளோடு அங்கே போயிருந்தேன். அவள் வீட்டில் தாய்க்கொத்து செத்துவிட்டது. ஒட்டிய நுனிகளில் இரண்டு பழுப்பேறி நின்றன. வெளிறலுக்குப் பின் பழுப்பு நல்ல அறிகுறி. ரெனாட்டோவின் துண்டில் ஊதா இன்னும் வரவில்லை. ஆனால் அடியில், வெள்ளைப் பசையைத் தாண்டிப் பாறைமேல், நகக்கண் அகலத்துக்குப் பச்சைச் சதை படர்ந்திருந்தது. பிடித்துக்கொண்டுவிட்டது.

நெரிடா குனிந்து பார்த்தாள். கண்ணாடியில் பாசி மறைத்தது. அவள் கை தானாகத் தோளில் கிடந்த துடைக்கும் துணிக்குப் போயிற்று.

"கை!" என்றார் ரெனாட்டோ.

அவள் கையை எடுத்துப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டாள்.

"மீனுக்குத் தீனி போட்டியா?"

"காலையிலயே போட்டாச்சு."

"இன்னும் கொஞ்சம் போடு," என்றாள்.