மகளுக்குப் பின்னால் நிற்கிறவர்

எனக்குப் பேச்சு குறைவு. விசைத்தறி ஓட்டுகிற பலருக்கும் அப்படித்தான். அம்மையார்குப்பத்தில் எங்கள் கொட்டகையில் எல்லாத் தறியும் ஓடினால் பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வோம். இல்லையென்றால் கையால் பேசுவோம். இழை அறுந்தால் இரண்டு விரலைக் கத்தரி போல ஆட்டுவோம். தறி நின்றுவிட்டால் ஒரு கையின் மேல் இன்னொரு கையைப் படுக்க வைப்போம். என் வீட்டுக்காரி நூல் சுற்றுவாள். என்னைத் திட்டுவதற்கும் அவளிடம் ஒரு சைகை உண்டு. அதை எழுத முடியாது.

என் மகள் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவள். வாய்ப் பேச்சு வருவதற்கு முன்பே கைப் பேச்சு வந்துவிட்டது.

அவளுக்கு ஏழெட்டு வயது இருக்கும். ஒரு நாள் மூலைத் தறியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என் பக்கம் திரும்பாமலே ஒரு கையின் மேல் இன்னொரு கையை வைத்தாள். தறி நின்றுவிட்டது என்று அர்த்தம். போய்ப் பார்த்தேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. நூல் ஏற்றிய நாடா இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது. திரும்பி மகளைப் பார்த்தேன். கண் அசையவில்லை. விரல் மட்டும் அசைந்தது. அறுந்த இழைக்கு முடிச்சுப் போடுகிற மாதிரி கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் உரசிக்கொண்டே இருந்தன. கையில் இழை இல்லை.

கொஞ்ச நேரத்தில் சரியாகிவிட்டாள். மிட்டாய் கேட்டாள். அன்று சாயங்காலம் அந்தத் தறியில் பாவு இழை கொத்தாக அறுந்து தறி நின்றது.

பிறகும் அப்படிச் செய்தாள். சில தடவை தறி நிற்கும். பல தடவை நிற்காது. நிற்காத தடவைகளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளவில்லை.

பக்கத்துக் கொட்டகைக்காரர் வந்து கேட்டார்.

“இன்னா பாவா, பாப்பாவுக்கு முன்னாடியே தெரியுதாமே. எங்க தறிய ஒரு தபா வந்து பாக்கச் சொல்லேன்.”

“உன் தறி நிக்கிறதுக்குப் பாப்பா எதுக்கு? நீ ஊத்திக்கினு வர்றியே, அது போதாதா?” என்றாள் என் வீட்டுக்காரி.

எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அடுத்த செவ்வாய்க்கிழமை அவளேதான் மூலைத் தறிக்கு எலுமிச்சம்பழமும் வேப்பிலையும் கட்டினாள். அதற்குப் பிறகு அந்த மூலையில் யாரும் தனியாக நின்று வேலை செய்வதில்லை. நானும்தான். காற்று இல்லாத நாளில் அந்த வேப்பிலை ஆடும். தறி ஓடினால் எல்லாம் ஆடும். தெரிந்தும் அதைப் பார்க்க மாட்டேன்.

மகளுக்குப் பத்து வயதில் பெரியதாக வந்தது. ஆடிக்கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் போயிருந்தோம். காவடிக் கூட்டம். பம்பைச் சத்தம். மகள் என் கையை உதறிவிட்டு விழுந்தாள். கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. சுற்றி இருந்தவர்கள் விலகி வட்டம் போட்டார்கள். அரோகரா என்றார்கள். நான் குனிந்து தூக்கப் போனேன். ஒரு ஆள் என் தோளைப் பிடித்து இழுத்தார்.

“தொடாதய்யா. சாமி எறங்கட்டும்.”

ஒரு அம்மா என் மகளின் நெற்றியில் விபூதி பூசி, காதருகே குனிந்து கேட்டார். “தாயி, என் புள்ளைக்கு எப்ப கல்யாணம் ஆவும்? சொல்லு தாயி.”

என் மகளின் வாயோரம் ரத்தம். கண் வெள்ளையாக இருந்தது. சுற்றிலும் அத்தனை பேரும் கை கூப்பி நின்றார்கள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள். அவள் ஏதாவது சொல்லிவிடுவாளோ என்று எனக்கும் ஒரு கணம் பயமாக இருந்தது. ஆளைத் தள்ளிவிட்டு மகளைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன்.

திருத்தணி ஆஸ்பத்திரியில் பார்த்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். குழந்தைகள் ஆஸ்பத்திரி. வலிப்பு என்றார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பெரியது அதோடு நின்றது. வருஷக் கணக்கில் ரயிலேறிப் போய் வந்தோம். மற்ற இடத்தில் நான் பேச மாட்டேன். அங்கே மட்டும் பேசுவேன். டாக்டர் கேட்பதற்கெல்லாம் நான்தான் பதில். மகள் பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் வரைந்திருக்கும் கரடியைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

மூலைத் தறி விஷயத்தை டாக்டரிடம் சொன்னதில்லை. மறைக்கவில்லை. வலிப்பு என்றால் விழுவது. அது ஆஸ்பத்திரி விஷயம். இது தறி விஷயம், வீட்டு விஷயம். எங்கள் வீட்டில் எல்லாரும் அப்படித்தான் வைத்திருந்தோம்.

எங்கே போனாலும் அவளுக்குப் பின்னால் நிற்பேன். கியூவில், படியில், கடையில். விழுந்தால் பிடிக்க வேண்டும். பழகிவிட்டது.

அவளுக்குப் பதினெட்டு முடிந்தது. இனிமேல் பெரியவர்கள் டாக்டரிடம்தான் போக வேண்டும் என்றார்கள். திருத்தணியிலேயே ஒரு நரம்பு டாக்டர் பார்க்கிறார், அலைச்சல் இல்லை என்றார்கள். அதற்கு முன்னால் ஒரு சிஸ்டர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். இப்படி வளர்ந்த பிள்ளைகளைப் பெரியவர்கள் பக்கம் அனுப்பி வைப்பதுதான் அவர் வேலை. குழந்தைகள் நாற்காலி. என் மகளின் முட்டி நெஞ்சு வரைக்கும் வந்தது.

“அங்க போனா உங்க பொண்ணுதான் பேசணும் அப்பா,” என்றார் சிஸ்டர்.

“பேசுவா.”

“இப்பவே பேசட்டும். நீங்க சும்மா இருங்க. உனக்கு என்ன பிரச்சனைம்மா?”

மகள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறந்தேன். சிஸ்டர் விரலை உயர்த்தினார். மூடிக்கொண்டேன்.

“வலிப்பு,” என்றாள். மாத்திரை பெயரைக் கேட்டார். சரியாகச் சொன்னாள். அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

“வர்றதுக்கு முன்னாடி உனக்கு எதுனா தெரியுமா?”

மகள் சுவரில் இருந்த கரடியைப் பார்த்தாள்.

“ஆங்,” என்றாள்.

“எப்படி இருக்கும்?”

“மொதல்ல சத்தம் நின்னுடும் சிஸ்டர். தறி ஓடிக்கினு இருக்கும். கண்ணுக்குத் தெரியும். சத்தம் மட்டும் இருக்காது. ஒண்ணுமே இருக்காது. அப்புறம் பின்னாடி ஒருத்தர் வந்து நிப்பாங்க.”

“யாரு?”

“நைனா.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார்.

“நைனா எப்பவும் பின்னாடி தானே நிப்பாரு. அதனால நைனான்னு நெனச்சேன். பிடறியில மூச்சு படும். திரும்ப முடியாது.” மகள் தன் விரலையே பார்த்துக்கொண்டு சொன்னாள். “போன மாசம் நைனா பள்ளிப்பட்டுக்குப் போயிருந்தாரு. அம்மாவும் இல்ல. அப்பவும் வந்து நின்னாங்க.”

“பயமா இருந்துச்சா?”

“அன்னிக்குதான் பயமா இருந்துச்சு.”

வெளியே குழந்தைகள் அழுதுகொண்டிருந்தன. பட்டப்பகல். ஆனாலும் நான் என் பிடறியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இத்தனை வருஷம் நான் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றிருக்கிறார்கள். அவள் அதை நான் என்று நினைத்திருக்கிறாள்.

சிஸ்டர் பயப்படவில்லை. பலருக்கு இப்படி வரும் என்றார். மூளையில் ஒரு இடத்தில் ஓட்டம் தப்பினால் ஆள் நிற்கிற மாதிரி தோன்றும், அதுவும் வலிப்புதான், விழாத வலிப்பு என்றார். அப்போதுதான் நான் கைச் சைகையைச் சொன்னேன். செய்து காட்டச் சொன்னார். காட்டினேன். விரல் இழைக்கு முடிச்சுப் போடுவதையும் காட்டினேன்.

“இவ்வளவு நாளா இதை ஏன் சொல்லலை?”

“தறி நிக்கப் போறத சொல்றான்னு நெனச்சோம்.”

அவர் சிரிக்கவில்லை. மகளிடம் சொன்னார். “சத்தம் நிக்குது பாரு, அந்தக் கொஞ்ச நேரம் உன் கையில இருக்கு. உடனே உக்காரு. பக்கத்துல இருக்கறவங்ககிட்ட சொல்லு. வாயால சொல்லணும். கையைக் காட்டினா உங்க கொட்டகையைத் தாண்டி ஒருத்தருக்கும் புரியாது.”

“என் குரலே எனக்குக் கேக்காதே சிஸ்டர். பேசறனா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“கேக்காட்டியும் பேசு.”

திருத்தணி ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சில் எல்லாரும் வயதானவர்கள். ஒருவருக்கு வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. ஒருவருக்குக் கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. யாரும் யாருடனும் பேசவில்லை. எல்லாரும் என் மகளையே பார்த்தார்கள். கூப்பிட்டதும் இரண்டு பேரும் எழுந்து உள்ளே போனோம்.

“யாருக்கு உடம்பு சரியில்ல?” என்றார் டாக்டர்.

“எனக்கு,” என்றாள்.

“நீங்க?”

“அப்பா,” என்றேன்.

“கொஞ்சம் வெளிய இருங்க. தேவைப்பட்டா கூப்பிடறேன்.”

கதவில் கண்ணாடி இருந்தது. பார்த்தேன். மகளின் முதுகு தெரிந்தது. டாக்டரின் உதடு அசைந்தது. என் மகள் என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. அவளுக்குப் பின்னால் நான் உட்கார வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. டாக்டர் பேசிக்கொண்டே இரண்டு தடவை அந்த நாற்காலியைப் பார்த்தார். பிறகு நான் கண்ணாடிப் பக்கம் போகவில்லை.

வெளியே வந்தாள்.

“மாத்திர மாத்துறாரு நைனா. கொஞ்சம் கொஞ்சமா. நடுவுல வந்தாலும் வரும்னாரு.”

“எதுக்கு மாத்துறாரு?”

“அத என்கிட்ட சொல்லிட்டாரு.”

மேலே கேட்கவில்லை. வீட்டுக்குப் போனதும் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். பழைய மாத்திரை கல்யாணம் ஆகிப் பிள்ளை பெறுகிறவர்களுக்கு ஆகாதாம். “இத உங்கிட்ட சொல்லுவாளா? போய் தறியப் பாரு,” என்றாள் என் வீட்டுக்காரி.

அந்த மாசம்தான் கம்பெனி வேலை வந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் சிலரை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. மகளும் போகிறேன் என்றாள்.

“வேணாம்,” என்றேன்.

“ஏன்?”

“உனக்கு வர்றது எனக்குத்தான் தெரியும். அங்க மெஷின் ஓடும். நீ கையக் காட்டினா யாருக்குத் தெரியும்?”

“வாயால சொல்லுவேன்.”

“அந்த நேரத்துல வாய் வருமா?”

அவளுக்கும் தெரியாது. அதுவரைக்கும் ஒரு தடவைகூட வாய் வந்ததில்லை. கொட்டகையில் வந்தபோதெல்லாம் கைதான் வந்தது. மெஷின் பக்கம் நிற்கும்போது வந்தால் கையை உள்ளே விட்டுவிடுவாள். நான் அதை மட்டும்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாத்திரை மாற்றும்போதே ஆடி வந்தது. டாக்டரைப் பார்த்துவிட்டுத் திருத்தணியில் மத்தியான பஸ் ஏறினோம். மலையிலிருந்து இறங்கிய கூட்டம். மொட்டைத் தலை, காவடி, பம்பை எல்லாம் உள்ளே. மகளுக்கு முன்னால் பெண்கள் பக்கம் இடம் கிடைத்தது. நான் பின்வாசலில் மாட்டிக்கொண்டேன். நடுவில் நகர முடியாது. பம்பை அடிக்க ஆரம்பித்தார்கள். பஸ் முழுக்கப் பாட்டு.

பஸ் கே.ஜி.கண்டிகை தாண்டியது. மகளின் தலை நின்றது. எல்லாத் தலையும் பஸ்ஸோடு ஆடுகிறது. அவள் தலை ஆடவில்லை. எனக்கு அது போதும்.

முழங்கை இரண்டும் மெல்ல உயர்ந்தன. ஒரு கையின் மேல் இன்னொரு கை. பக்கத்தில் பூக்கூடையோடு ஒரு அம்மா. அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தினேன். பம்பையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. முட்டித் தள்ளினேன். காவடி குறுக்கே இருந்தது.

“இன்னாய்யா அவசரம்? காவடி மேல காலு வெக்கிற!”

மகள் பக்கவாட்டில் திரும்பினாள். உதடு அசைந்தது. உதடு பார்த்துப் பழகியவன் நான். படித்தேன்.

எனக்கு இப்ப வரும். என்னப் பிடிச்சுக்கோங்க.

அந்த அம்மாவுக்குக் கேட்கவில்லை. என்ன என்று காதைக் காட்டினார். மகள் மறுபடி சொன்னாள். இந்தத் தடவை வாயை நன்றாகத் திறந்து சொன்னாள். அந்த அம்மா கூடையை முன்சீட்டுக்காரியிடம் தள்ளிவிட்டு, இரண்டு கையாலும் மகளை அணைத்துப் பிடித்துக்கொண்டார்.

விரல் இழைக்கு முடிச்சுப் போட ஆரம்பித்தது. கூடையை வாங்கியவள் அந்த விரலைப் பார்த்தாள். பிறகு என் மகளின் தோளுக்குப் பின்னால் பார்த்தாள். யாரையோ தள்ளி நிற்கச் சொல்கிற மாதிரி கையை ஆட்டினாள். நான் பார்த்தேன். அங்கே சீட்டுக் கம்பிதான் இருந்தது. அந்தச் சீட்டை ஒட்டி மட்டும் கூட்டம் கொஞ்சம் விலகி இருந்தது. அவ்வளவு நெரிசலில் அந்த இடம் காலியாக இருந்தது.

நான் அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது விரல் நின்றுவிட்டது. மகள் கண்ணைச் சிமிட்டினாள்.

“யாரோட வந்த கண்ணு? கூட யாரும் இல்லியா?” என்றார் அந்த அம்மா.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். என் முகத்தில் அவள் கண் பட்டது. நிற்காமல் தாண்டிப் போனது.

“இல்லம்மா. தனியாத்தான் போய்க்கினு கீறேன்.”

தெளியாமல் சொன்னாளா, தெரிந்து சொன்னாளா, தெரியவில்லை. நான் அவள் அப்பா என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்த அம்மா பூ கொஞ்சம் கிள்ளி அவள் தலையில் வைத்தார். ஊர் வரும் வரைக்கும் அவள் கையை விடவில்லை.

இறங்கி நடந்தோம். வெயில். கொட்டகைச் சத்தம் தூரத்திலேயே கேட்டது.

“நைனா, பஸ்ஸுல வந்துச்சு.”

“ஆங்.”

“அந்தம்மாகிட்ட சொன்னேன். அவங்களுக்குக் கேட்டுச்சு.” கொஞ்ச தூரம் நடந்து கேட்டாள். “நீ எங்க இருந்த?”

“பஸ்ஸுலதான்.”

“நான் பாக்கவேயில்லயே.”

தெரு முனை திரும்பும்போது மறுபடி கேட்டாள்.

“வேன்காரர்கிட்ட திங்கக்கெழமைல இருந்து வர்றேன்னு சொல்லிடவா?”

“கூட வர்ற பொண்ணுங்ககிட்ட மொதல்ல சொல்லு. உனக்கு எப்படி வரும், இன்னா பண்ணணும்னு.”

“சொல்லிட்டேன் நைனா. போன வாரமே.”

“அப்ப போ,” என்றேன்.