தலைக்கு வைக்கிற எண்ணெய்

போர்க்காலத்தில் கொழும்பு மட்டக்குளியில் அட்டைப்பெட்டி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்கு வேலை. மாதம் ஒருமுறை ஐந்து மெஷின்களின் கியர்பொக்ஸிலிருந்தும் கொஞ்சம் எண்ணெய் எடுத்து, ஐந்து சின்னப் போத்தல்களில் நம்பர் ஒட்டி, பஸ்ஸில் நுகேகொடையில் எண்ணெய் சோதிக்கிற லாப்புக்குக் கொண்டுபோவேன். எண்ணெயில் இரும்புத்தூள் கூடினால் உள்ளே பற்சக்கரம் தேய்கிறது என்று அர்த்தம். மெஷின் உடைவதற்கு முன்பே தெரிந்துவிடும். "மிஸ் இண்டைக்கு ஆருக்கு ரத்தம் எடுக்கப்போறா?" என்று மெஷின்காரர்கள் பகிடி பண்ணுவார்கள்.

ஒருநாள் சோதனைச்சாவடியில் பிடித்துக்கொண்டார்கள். அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், தமிழர் கூடியிருக்கிற வெள்ளவத்தை விலாசம், பைக்குள் நம்பர் போட்ட ஐந்து போத்தல் எண்ணெய். கேட்கவும் வேண்டுமா? மூன்று மணித்தியாலம் வாங்கில் இருத்தினார்கள். தொழிற்சாலைக்கு போன் போட்டபின், மூன்றாம் நம்பர் மெஷினை ஓட்டுகிறவர் வேலையைப் போட்டுவிட்டுக் கடிதத்தோடு வந்தார். சிங்களவர். நான் அவரை அய்யே, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவேன். "இது எங்கட நங்கி" என்று பொலிஸ்காரனிடம் சொன்னார். நங்கி என்றால் தங்கச்சி.

அதற்குப் பிறகு நான் செய்ததை எழுதக் கை கூசுகிறது. பயமாயிருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கம்பனி வேன் தந்திருப்பார்கள். பயந்தாங்கொள்ளி என்று பெயர் எடுக்க எனக்கு மனமில்லை. பெரிய வீறாப்பு! வாசலுக்குப் பக்கத்திலிருந்த முதலாம் நம்பர் மெஷினில் மட்டும் எண்ணெய் எடுத்து, தலைக்கு வைக்கிற எண்ணெய்ப் போத்தல் ஒன்றில் ஊற்றினேன். மணத்துக்கு மூடியில் தேங்காய் எண்ணெய் தடவினேன். சாவடியில் ஒருத்தரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. லாப் வாசலில் வைத்து அதையே, வெறுமையாகக் கொண்டுபோன ஐந்து போத்தலுக்கும் பிரித்து நம்பர் ஒட்டினேன். எட்டு மாதம் இப்படி நடந்தது. ரிப்போர்ட் ஐந்தும் சுத்தமாக வந்தன.

அய்யே மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார், தனக்குத் தெரிந்த தமிழில்: "மூணாம் நம்பர் சத்தம் சரி இல்ல. உள்ளுக்கு தேயுது." எஞ்சினியர் ரிப்போர்ட்டைத் தூக்கிக் காட்டி அவர் வாயை அடைத்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஒரு காலையில் மூன்றாம் நம்பர் கியர்பொக்ஸ் வெடித்தது. எண்ணெய் சுத்தம், ஆகவே ஓட்டினவன் கவலையீனம் என்று விசாரணையில் முடிவெடுத்தார்கள்.

"மூண்டாம் நம்பர்ட எண்ணெய் நீங்கள்தானே எடுத்தது?" என்று எஞ்சினியர் என்னைக் கேட்டார்.

"ஓம் சேர்."

அந்த ஒரு ஓமில் அய்யேயின் பதினாறு வருட வேலை போனது. மூன்று பிள்ளைகளின் தகப்பன். உண்மையைச் சொன்னால் என் வேலை போகும், திரும்பவும் பொலிஸ் கேள்வி கேட்கும் என்று எனக்குள்ளேயே நியாயம் சொல்லிக்கொண்டேன். என்ன நியாயம், மண்ணாங்கட்டி.

போகிற அன்று உடுப்புப் பையோடு என் மேசைக்கு வந்தார். முகத்தைப் பார்க்க முடியாமல் போத்தல்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"நங்கி மனசு கஷ்டப்பட வேணாம்," என்றார். "நீங்க சரியாத்தான் எடுத்தீங்க. லாப்காரன் எங்கயோ மாத்திப்போட்டான்."

"ஓம் அய்யே," என்றேன், "அவங்கள்தான் மாத்தியிருப்பாங்கள்."